இரு வழிகள், ஒரே இரவு: பராமரிப்பு அறிவிப்புகளுக்கு ஒரு பொது வடிவம்

இணையத்தைப் பயன்படுத்துவோர் கண்ணில் படாமல், வலையமைப்பு நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று அன்றாடம் எழுதிக்கொள்ளும் ஒருவகைக் கடிதம் உண்டு. இன்ன தேதியில், இன்ன நேரத்தில், இன்ன இணைப்பில் வேலை செய்யப்போகிறோம், அவ்வேளையில் அது துண்டிக்கப்படக்கூடும் என்று முன்கூட்டியே தெரிவிக்கும் பராமரிப்பு அறிவிப்புதான் அது. சிங்கப்பூரில், பல நிறுவனங்களிடமிருந்து நெடுந்தொலைவு இணைப்புகளைக் குத்தகைக்கு எடுத்து அவற்றின்மேல் சேவை நடத்தும் ஒரு நிறுவனத்தில் பொறியாளராக இருப்பதால், இத்தகைய கடிதங்களை அனுப்பும் பக்கத்திலும் பெறும் பக்கத்திலும் நான் இருக்கிறேன்; பெறுவதே மிகுதி. இவற்றுக்கென ஒரு பொது வடிவம் ஏற்கெனவே இருக்கிறது. அது எளிதானது, செலவில்லாதது. இருந்தும் எங்களுக்கு இணைப்பு விற்பவர்களில் பலர் அதைத் தொடுவதில்லை. ஏன் தொட வேண்டும் என்பதை, அறிவிப்பு வந்து விழும் பக்கத்திலிருந்து விளக்கிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு கடிதம் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். பொருள் வரியில் ‘அவசரம்’ என்றோ ‘நினைவூட்டல்’ என்றோ ஒரு சொல், அதன்பின் அந்த வேலைக்கு அனுப்பும் நிறுவனம் இட்ட பதிவெண்ணான டிக்கெட் எண். உள்ளே நிறுவனச் சின்னம் பெரிதாக ஒரு படமாக வரும். பிறகு இரு பத்திகளுக்கு ‘சிறந்த சேவையை வழங்கும் எங்கள் தொடர் முயற்சியின் பகுதியாக’ என்ற பாணியில் மன்னிப்புரை. அதற்குக் கீழே ஓர் அட்டவணை. அதிலும் சில நிறுவனங்கள் தேதியை ஒரு கட்டத்திலும் நேரத்தை வேறொரு கட்டத்திலும் நேர மண்டலத்தை அட்டவணைக்கு வெளியே அடிக்குறிப்பாகவும் வைக்கின்றன. பாதிக்கப்படும் இணைப்புகளின் பட்டியல் மின்னஞ்சலில் இருக்காது. மின்னஞ்சலோடு தனியாக வரும் எக்செல் கோப்பில் இருக்கும், சில வேளை அந்தக் கோப்பில் எல்லா வாடிக்கையாளர்களின் இணைப்புகளும் சேர்ந்தே இருக்கும். ஒரு முறை அட்டவணை முழுவதும், திரையைப் படமெடுத்து ஒட்டிய படமாகவே வந்தது. அதிலிருந்த சர்க்யூட் எண்ணை, அதாவது இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை, நகலெடுக்கக்கூட முடியாமல், இரவு ஷிப்டில் இருந்தவர் கண்ணால் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்தார். இவை எல்லாம் மனிதர் படிப்பதற்கென எழுதப்பட்டவை என்பார்கள். உண்மையில், பதினைந்து நிறுவனங்கள் பதினைந்து விதமாக எழுதும்போது, மனிதரும் அவற்றைப் படிப்பதில்லை. மேலோட்டமாகப் பார்த்துவிட்டு உரிய கோப்புறைக்குத் தள்ளிவிடுகிறார்.

நேரத்தில் இருக்கும் குழப்பம் தனிக் கதை. 05/04/2025 என்று எழுதினால் லண்டனில் அமர்ந்திருப்பவருக்கு அது ஏப்ரல் 5, அமெரிக்காவில் அமர்ந்திருப்பவருக்கு மே 4. அறிவிப்பை அனுப்பும் நிறுவனத்தின் தலைமையகம் எங்கே, மின்னஞ்சலை எழுதிய ஆதரவுக் குழு எங்கே என்று தெரிந்தால்தான் தேதியே தெரியும். ‘சனிக்கிழமை நள்ளிரவு’ என்றால் சனி பிறக்கும் நேரமா, சனி முடியும் நேரமா? எஸ்எஸ்டி என்று எழுதிச் சிங்கப்பூர் நேரத்தைக் குறிக்கிறார்கள். அதே மூன்றெழுத்து, யூடிசி என்ற உலகப் பொது நேரத்திலிருந்து 11 மணி பின்தங்கிய சமோவா நேரத்துக்கும் உரியது. ஐஎஸ்டி இந்தியாவுக்கும் இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் பொது. சிஎஸ்டி சீனாவா, சிகாகோவா என்பதை அனுப்பியவரைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். இத்தனைக்கும் நடுவே, 1982 ஜனவரி 1 அன்று கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்தி யூடிசி+8 ஆனதிலிருந்து இன்றுவரை நேரத்தைத் தொடாத ஊரில் இருப்பது ஒரு வசதிதான். எங்கள் பக்கம் மாறுவதில்லை. மாறுவது மார்ச் மாதத்தில் அமெரிக்காவும் இரண்டு மூன்று வாரம் கழித்து ஐரோப்பாவும். அந்த இடைப்பட்ட வாரங்களில் வரும் அறிவிப்புகளைத்தான் எங்கள் குழுவில் இரண்டு பேர் சரிபார்க்கிறோம்.

சிங்கப்பூரில் இன்னொரு நுட்பமான சிக்கலும் உண்டு. போக்குவரத்து குறைந்த இரவு நேரத்தில் வேலை செய்வது உலகெங்கும் வழக்கம். ஆனால் யாருடைய இரவு? இங்கே நள்ளிரவு 12 மணி என்றால் சென்னையில் இரவு 9.30, வீட்டில் எல்லோரும் கைப்பேசியும் தொலைக்காட்சியுமாக இருக்கும் உச்ச நேரம். லண்டன் நிறுவனம் தன் ஊர் நள்ளிரவில் ஒரு ரவுட்டரை மாற்றினால் இங்கே காலை 7 அல்லது 8 மணி. கலிஃபோர்னியாவின் நள்ளிரவு நமக்குப் பிற்பகல் 3 அல்லது 4. கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எல்லோருக்கும் பொருந்தும் இரவு என்று ஒன்று இல்லை. ஆகவே ‘வேலை இரவில்தான் நடக்கும்’ என்று எழுதி ஆறுதல் சொல்லும் வாக்கியத்தால் எங்களுக்குப் பயனில்லை. தொடக்கமும் முடிவும் யூடிசியில் வேண்டும், அவ்வளவுதான்.

இவற்றைவிடப் பெரிய சிக்கல், பாதிக்கப்படப்போவது எந்த இணைப்பு என்பதை அறிவது. சாங்கியிலும் துவாஸிலும் கரையேறும் கடலடிக் கம்பிவடங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பிவடம் ஒரு கூட்டமைப்புக்குச் சொந்தம். கூட்டமைப்பின் உறுப்பினர் ஒருவர் தம் பங்கிலிருந்து ஒரு அலைநீளத்தை, அதாவது ஃபைபரில் ஒளி செல்லும் ஒரு தனித் தடத்தை, இன்னொரு நிறுவனத்துக்கு விற்கிறார். அந்த நிறுவனம் அதை, இரு முனைகளிலும் தரைவழி ஃபைபரைச் சேர்த்து, தை செங்கிலோ ஆயர் ராஜாவிலோ உள்ள தரவு மையம்வரை கொண்டுவந்து எங்களுக்கு விற்கிறது. கடலில் பழுதுபார்க்கும் கப்பல் வரும்போது, அந்தப் பகுதியின் மின்னோட்டத்தை நிறுத்தியாக வேண்டும். ஒளிச் சமிக்ஞையை வலுப்படுத்தக் கடலுக்கடியில் வரிசையாக இருக்கும் ரிப்பீட்டர்களுக்குக் கரையிலிருந்துதான் மின்சாரம் போகிறது, அது ஓடிக்கொண்டிருக்கும்போது கப்பலில் இருப்பவர்கள் வடத்தைத் தொட முடியாது. இந்தச் செய்தி கூட்டமைப்பிலிருந்து உறுப்பினருக்கு, உறுப்பினரிடமிருந்து விற்பனை நிறுவனத்துக்கு, அங்கிருந்து எங்களுக்கு என்று படிப்படியாக இறங்கி வருகிறது. ஒவ்வொரு படியிலும் இணைப்புக்கு வேறு எண். ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் ஒரு மின்னஞ்சலைத் திறந்து, தம் பட்டியலைப் பார்த்து, எண்ணை மாற்றி, மறுபடி எழுதுகிறார். ஒவ்வொரு படியிலும் ஒன்றிரண்டு நாள் கரைகிறது. ஒப்பந்தத்தில் 14 நாள் முன்னறிவிப்பு என்று எழுதியிருந்தாலும் கைக்கு வரும்போது அதில் பாதிகூட மிஞ்சாமல் போவதற்கு யாருடைய சோம்பலும் காரணமில்லை; படிகளின் எண்ணிக்கையே காரணம். கடல் கொந்தளித்தால் கப்பல் தள்ளிப்போகும், அனுமதி தாமதித்தால் தள்ளிப்போகும். அப்போது இந்தப் பயணம் முழுவதும் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது.

இறுதியில் வந்துசேரும் கடிதத்தில் எங்கள் சர்க்யூட் எண் இருக்க வேண்டிய இடத்தில் விற்பவரின் உள் எண் இருக்கும். எங்கள் கட்டுப்பாட்டு அறையில் மன்னார்குடிக்காரத் தம்பி ஒருவர் இருக்கிறார். வாரம் ஒரு முறையாவது திரையை என் பக்கம் திருப்பி, “அண்ணே, இது நம்ம லைனா இல்லையா, நீங்களே சொல்லுங்க” என்பார். நான் பழைய கொள்முதல் ஆணையைத் தேடி எடுக்க வேண்டும்.

ஒரே ஒரு அறிவிப்பாக இருந்தால் இவ்வளவு தொல்லையையும் பொறுத்துக்கொள்ளலாம். பொது வடிவம் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் ஒற்றைக் கடிதத்தின் அழகோ அலங்கோலமோ அல்ல; இரண்டு கடிதங்களை அருகருகே வைத்துப் பார்க்க முடிய வேண்டும் என்பதுதான். சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இடையே 2002 முதல் ஐ2ஐ, அதன்பின் டாடா இண்டிகாம் வடம், சீ-மீ-வீ 4 என்று ஒன்றுக்கு மேற்பட்ட கடல்வழிகள் இருப்பதால், நாங்களும் மற்றவர்களைப் போல இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிடம் இரண்டு வெவ்வேறு வழிகளை வாங்கிவைக்கிறோம். ஒன்று போனால் மற்றொன்று தாங்கும் என்பது கணக்கு. ஆனால் அந்த இரு நிறுவனங்களுக்கும் ஒன்றையொன்று தெரியாது. இருவரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் வேலை வைத்துக்கொண்டால் அது இருவருக்கும் தெரிய வழியே இல்லை. தெரியக்கூடிய ஒரே இடம் எங்கள் அஞ்சல்பெட்டி.

அப்படித்தான் ஒரு முறை நடந்தது. ஒரு நிறுவனத்தின் அறிவிப்பு யூடிசியில் சனிக்கிழமை மாலை என்று வந்திருந்தது. மற்றொன்றின் அறிவிப்பு உள்ளூர் நேரத்தில் ஞாயிறு அதிகாலை என்று வந்திருந்தது. நாள்காட்டியில் அவை வெவ்வேறு நாள்களில் தெரிந்தன. கட்டுப்பாட்டு அறையின் வெள்ளைப்பலகையில் வார இறுதி வேலைகளை எழுதிக்கொண்டிருந்த அதே தம்பி, கையிலிருந்த பேனாவை மூடாமல் சிறிது நேரம் நின்றுவிட்டு, “அண்ணே, இந்த ரெண்டும் ஒரே ராத்திரிலதான் வருது” என்றார். கணக்குப் பார்த்தால் இரண்டு மணி நேரம் இரு வழிகளும் ஒருசேர இல்லாமல் போகும். ஒரு நிறுவனத்தைக் கேட்டு வேலையை ஒரு நாள் தள்ளிவைத்தோம். அவர்களும் மறுக்காமல் ஒத்துக்கொண்டார்கள். கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் கேட்க வேண்டும் என்று தெரிவது ஒரு பேனாவையும் ஒரு பலகையையும் நம்பியிருக்கக் கூடாது. இரு கடிதங்களிலும் தொடக்கமும் முடிவும் ஒரே வடிவில், எங்கள் சர்க்யூட் எண்ணும் ஒரே இடத்தில் இருந்திருந்தால், இரண்டாவது கடிதம் வந்த நொடியிலேயே பத்து வரி நிரல் அதைச் சொல்லியிருக்கும்.

அருகருகே வைப்பதில் இன்னொரு பலனும் இருக்கிறது. இது நான் எதிர்பாராதது. வெவ்வேறு நிறுவனங்களிடம் வாங்கிய, வெவ்வேறு வழி என்று சொல்லி விற்கப்பட்ட இரண்டு இணைப்புகளுக்கு, ஒரே தொடக்க நேரம், ஒரே முடிவு நேரம் போட்ட அறிவிப்புகள் இரண்டு பக்கமிருந்தும் வந்தால் என்ன பொருள்? அடியில் எங்கோ இரண்டும் ஒரே குழாயிலோ ஒரே வடத்திலோ போகின்றன என்று பொருள். வரைபடம் கேட்டால் கொடுக்காதவர்களின் உண்மையைப் பராமரிப்பு அறிவிப்பு தானாகக் கொடுத்துவிடுகிறது. பழைய அறிவிப்புகளை எல்லாம் ஒரே அமைப்பில் சேர்த்துவைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் இது புலப்படும்.

சரி, அந்தப் பொது வடிவம் எது? வட அமெரிக்க வலையமைப்புப் பொறியாளர்கள் கூடும் நானாக் வட்டாரத்தில் உருவாகி, இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப்-இல் வரைவாகவும் முன்வைக்கப்பட்ட ஒன்று. மெயின்ட்நோட் என்று அழைப்பார்கள். புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல், எல்லா நாள்காட்டிச் செயலிகளும் ஏற்கெனவே புரிந்துகொள்ளும் ஐகேலண்டர் வடிவத்தின்மேல் ஏறி உட்கார்ந்திருப்பதுதான் அதன் கெட்டிக்காரத்தனம். 1998-இல் ஆர்எஃப்சி 2445 என்ற ஐஇடிஎஃப் ஆவணமாக வெளிவந்து 2009-இல் ஆர்எஃப்சி 5545 ஆகத் திருத்தப்பட்ட அந்தத் தரம், எக்ஸ் என்ற எழுத்தில் தொடங்கும் கூடுதல் புலங்களை, அதாவது தகவலுக்கான இடங்களை, யார் வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. தொடக்கம், முடிவு ஆகியவற்றை ஐகேலண்டரே பார்த்துக்கொள்கிறது: ஆண்டு, மாதம், நாள், நேரம் எல்லாம் தொடர் எண்களாக, இறுதியில் யூடிசியைக் குறிக்கும் இசட் எழுத்துடன். அதன்மேல் மெயின்ட்நோட் சேர்ப்பது ஆறே புலங்கள்: அனுப்பும் நிறுவனத்தின் இணையப் பெயர், பெறுபவரின் கணக்கு எண், அந்த வேலையின் அடையாள எண், பாதிக்கப்படும் இணைப்பின் அடையாளம், பாதிப்பின் அளவு, வேலையின் நிலை. இணைப்புகள் பல என்றால் அந்த ஒரு புலம் மட்டும் பல முறை வரும். இந்தக் கோப்பு வழக்கமான மின்னஞ்சலோடு இணைப்பாகப் போகிறது. மன்னிப்புரையும் நிறுவனச் சின்னமும் வேண்டுமென்றால் அவை அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

நிலை என்ற புலத்தை ஏன் தனியாக வைத்தார்கள் என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஐகேலண்டரில் ஒரு நிகழ்வுக்குத் தற்காலிகம், உறுதி, ரத்து என்ற மூன்று நிலைகளே உண்டு. நடந்துகொண்டிருக்கிறது, முடிந்துவிட்டது என்ற இரண்டும் செய்ய வேண்டிய பணிகளுக்கு உண்டே தவிர நிகழ்வுகளுக்கு இல்லை. திருமண அழைப்புக்கும் கூட்ட அழைப்புக்கும் அவை தேவைப்படுவதில்லை. அதிகாலை நான்கு மணிக்கு ஓர் இணைப்பு இன்னும் எழாமல் இருக்கும்போது, வேலை முடிந்துவிட்டதா, இன்னும் ஓடுகிறதா என்பதே எங்களுக்கு முதல் கேள்வி. முடிந்துவிட்டது என்ற செய்தி வந்தும் இணைப்பு வரவில்லை என்றால்தான் அது பழுது, உடனே தொலைபேசியை எடுக்கலாம்.

ஐகேலண்டரைப் பற்றிப் பேசும்போது தமிழில் எழுதுகிறவனுக்கு ஒரு வேடிக்கை தோன்றாமல் இருக்காது. அதில் ஒரு வரி 75 பைட்டுகளுக்கு மேல் போகக் கூடாது; போனால் மடித்து அடுத்த வரியில் ஓர் இடைவெளியோடு தொடர வேண்டும். எழுத்துகளைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு என்பதால் வரிக்கு 25 குறிகள்தாம் கிடைக்கும், அதிலும் ‘கொ’ போன்ற எழுத்து இரண்டு குறிகளை விழுங்கும். எழுத்தின் நடுவிலேயே வெட்டி மடித்துவிடும் அரைகுறை நிரல்கள் உண்டென்று அந்த ஆர்எஃப்சியே எச்சரிக்கிறது. ஆங்கிலத்தில் எழுதியே சோதித்துப் பார்த்தவர்களின் நிரல், தமிழ்ப் பெயர் கொண்ட தளத்தின் பெயரைக் கண்டதும் திணறுவதற்கு இது ஒரு காரணம்.

பாதிப்பு என்ற புலத்தில்தான் வாதம் கிளம்பும். நான்கு மதிப்புகள் உண்டு: பாதிப்பில்லை, மாற்றுவழி குறைவு, தரக்குறைவு, முழுத் துண்டிப்பு. எங்களுக்கு வரும் கடிதங்களில் ‘பாதிப்பு எதுவும் எதிர்பார்க்கப்படவில்லை, ஆயினும் 50 மில்லிவினாடிகள்வரை சில துண்டிப்புகள் நேரலாம்’ என்ற வகை வாக்கியம் மிகவும் பிரபலம். இதை எந்தப் பெட்டியில் போடுவது? இன்னொரு பக்கம், எச்சரிக்கையாக இருக்கிறோம் என்ற பெயரில், ஒரு மின்விசிறியை மாற்றுவதற்குக்கூட முழுத் துண்டிப்பு என்று போட்டு அனுப்புகிறவர்களும் உண்டு. ஆறு மணி நேர வேலையில் இணைப்பு நிற்பது ஐந்து நிமிடமா ஆறு மணி நேரமா என்பது அதில் தெரியாது. நான்கு மதிப்புகள் போதாது, நாற்பது வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. விற்பவருக்குத் தெரிந்தது தம் இணைப்பின் நிலை மட்டுமே. அந்த இணைப்பு நின்றால் எங்கள் வாடிக்கையாளர் யார் யார் தவிப்பார்கள் என்பது எங்களுக்கு மட்டுமே தெரியும். ஆகவே அவர்கள் நான்கில் ஒன்றை நேர்மையாகத் தேர்ந்தெடுத்தால் போதும், மீதிக் கணக்கு எங்களுடையது. பெட்டிகளைக் கூட்டக் கூட்ட, நிரப்புகிறவர் எல்லாவற்றுக்கும் ஒரே விடையை இட்டு நகர்ந்துவிடுவார்.

புலங்களைவிட நான் அதிகம் மதிப்பது அடையாளத்தின் தொடர்ச்சியை. ஒரே வேலைக்கு முதலில் அறிவிப்பு, பிறகு நினைவூட்டல், பிறகு தேதி மாற்றம், பிறகு நேர நீட்டிப்பு, பிறகு ரத்து, பிறகு புதிய தேதி என்று கடிதங்கள் வந்துகொண்டே இருக்கும். ஐகேலண்டரில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் யூஐடி என்ற நிலையான அடையாளமும், ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஏறிக்கொண்டே போகும் ஒரு வரிசை எண்ணும் உண்டு. பெறுகிற நிரல், அதே யூஐடியைக் கண்டால் பழைய பதிவைத் திருத்துமே தவிர இன்னொன்றைச் சேர்க்காது. நடைமுறையில் என்ன நடக்கிறது? தேதி மாறினால் பழைய டிக்கெட்டை மூடிவிட்டுப் புது எண்ணில் புது அறிவிப்பை அனுப்புகிறார்கள். பழையது ரத்தான செய்தி வருவதே இல்லை. எங்கள் நாள்காட்டியில் இரண்டும் நிற்கின்றன, எது உயிரோடு இருப்பது என்று மறுபடி கேட்டு எழுத வேண்டியிருக்கிறது. பொது வடிவத்தைப் பின்பற்றுகிறோம் என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் புதிய யூஐடியை உருவாக்கும் நிரலும் நான் பார்த்த ஒன்றுதான். வடிவம் சரியாக இருக்கிறது, பயன் பாதிகூட இல்லை.

இதற்கு மாற்றாக, அனுப்புகிறவர்கள் எப்படி எழுதினாலும் பெறுகிறவர்கள் நிரல் எழுதிப் பிரித்துக்கொள்ளலாமே என்பார்கள். நெட்வொர்க் டு கோட் நிறுவனம் வெளியிட்ட திறந்த மூல பைதான் நிரலகம் ஒன்று இதைத்தான் செய்கிறது: தரத்தைப் பின்பற்றுகிறவர்களின் நாள்காட்டிக் கோப்பை நேரடியாகப் படிக்கிறது, மற்றவர்களுக்கு, நிறுவனம் நிறுவனமாக அவர்களுடைய மின்னஞ்சல் அமைப்பைக் கற்றுவைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரே வடிவுக்கு மாற்றித் தருகிறது. நாங்களும் பயன்படுத்துகிறோம், நன்றியோடு சொல்கிறேன். ஆனால் ஒரு நிறுவனம் தன் மின்னஞ்சல் வார்ப்புருவில் ஒரு கட்டத்தை இடம் மாற்றிவிட்டால் அன்று அந்த வழி அடைபடுகிறது. அண்மைக்காலமாகச் செயற்கை நுண்ணறிவு எந்தக் கடிதத்தையும் படித்துவிடுமே என்கிறார்கள். படிக்கும், பெரும்பாலும் சரியாகவே படிக்கும். ஆனால் கடிதத்தில் எழுதப்படாத நேர மண்டலத்தை அது எங்கிருந்து எடுக்கும்? ஊகிக்கும். ஊகம் எட்டு மணி நேரம் பிசகினால் வேலை நடக்கும் நேரத்தில் நாங்கள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருப்போம்.

இயந்திரம் படிக்கும் கடிதம் என்றால் ஏமாற்றும் கடிதமும் வரும் என்பதையும் யோசிக்க வேண்டும். அறிவிப்பைக் கண்டவுடன் போக்குவரத்தைத் தானாக வேறு வழிக்கு மாற்றிவிடும் அமைப்பை வைத்திருந்தால், ஒரு பொய் மின்னஞ்சலால் எங்கள் வலையமைப்பை அசைத்துப் பார்க்கலாம். ஆகவே அனுப்பும் நிறுவனத்தின் இணையப் பெயர் என்ற புலமும், மின்னஞ்சல் எங்கிருந்து வந்தது என்பதை உறுதிப்படுத்தும் டிகேஐஎம் கையொப்பத்தில் உள்ள இணையப் பெயரும் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே நாங்கள் கோப்பைத் திறக்கிறோம். அதன்பிறகும் நிரல் செய்வது நாள்காட்டியில் சேர்ப்பதும், மோதல் இருந்தால் கூவுவதும் மட்டுமே. வழியை மாற்றுவது மனிதர் கையில்தான் இருக்கிறது, இருக்கட்டும் என்பதே என் கருத்து.

சிறு சிறு உபத்திரவங்களும் உண்டு. கோப்பைக் கூட்ட அழைப்பு என்ற வகையில் அனுப்பிவிட்டால், அவுட்லுக் எல்லோரிடமும் ‘ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா’ என்று கேட்கத் தொடங்கிவிடும். எங்கள் மேலாளர் ஒரு கம்பிவடப் பழுதுபார்ப்பை மறுத்துவிட்டதாக அனுப்பியவருக்குப் பதில் போய்ச் சேர்ந்தது. பதில் எதிர்பாராத வெளியீடு என்ற வகையில் அனுப்பினால் இந்தக் கூத்து இல்லை. இன்னொன்று, முகவரி. எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்ட கொள்முதல் அதிகாரியின் பெயருக்கு அறிவிப்புகள் போய்க்கொண்டிருக்கும். வலையமைப்புகள் தம் விவரங்களைப் பதிந்துவைக்கும் பியரிங்டிபி தளத்தில் பராமரிப்புக்கென்றே தனித் தொடர்பு வகை ஒன்று உண்டு. அதில் ஒரு பொது முகவரியை இட்டுவைப்பது ஐந்து நிமிட வேலை.

அறிவிப்பு சரியாக வந்து, மோதலும் இல்லை என்றான பிறகு, அந்த இரவில் செய்ய வேண்டியவற்றுக்குத் தரங்கள் இதைவிட நன்றாக முதிர்ந்திருக்கின்றன. 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8326, வலையமைப்புகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் பிஜிபி நெறிமுறையில், வேலை தொடங்குமுன் 65535:0 என்ற அடையாளத்தை வழிகளில் ஒட்டி அனுப்பச் சொல்கிறது. அதைப் பெறுபவர் அந்த வழியின் முன்னுரிமையைச் சுழியம் ஆக்குவதால், இணைப்பு அறுபடும் முன்பே போக்குவரத்து வேறு வழிக்கு நகர்ந்துவிடும். பல வலையமைப்புகள் ஓரிடத்தில் இணையும் இணையப் பரிமாற்றகங்களுக்கென்று அதே ஆண்டில் வந்த ஆர்எஃப்சி 8327 இன்னும் தந்திரமானது: பரிமாற்றகத்தின் சுவிட்ச்சைத் தொடுமுன், உறுப்பினர்களுக்கிடையே பிஜிபி பேசும் 179-ஆம் போர்ட்டை மட்டும் மறித்துவிடுகிறார்கள், அவர்களுக்கிடையே திறந்திருந்த பிஜிபி உரையாடல்களான அமர்வுகள் தாமாக விழுகின்றன, தரவோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, ஓட்டம் வற்றிய பிறகு சுவிட்ச்சைக் கழற்றுகிறார்கள். இப்படிச் செய்யாவிட்டால், எதிர்முனை போய்விட்டது என்பதை உணர ரவுட்டருக்கு 90 விநாடி, சில அமைப்புகளில் 180 விநாடி ஆகும். அதுவரை அனுப்பியதெல்லாம் வீண். அமர்வை மூடும்போது ஒரு குறுஞ்செய்தியை எதிர்முனையின் பதிவேட்டில் விட்டுச்செல்லவும் வழியிருக்கிறது. 2017-இல் ஆர்எஃப்சி 8203 அதற்கு 128 பைட்டு இடம் கொடுத்தது. 2021-இல் ஆர்எஃப்சி 9003 அதை 255 ஆக்கியது. அந்த இடத்தில் அறிவிப்பில் இருந்த அதே வேலை எண்ணை இட்டுவிட்டால், அதிகாலையில் சிவப்பு விளக்கைப் பார்க்கிறவர் எந்த மின்னஞ்சலையும் தேட வேண்டியதில்லை. இரண்டு வாரம் முன்பு அனுப்பிய கோப்பும் அந்த நொடியில் ரவுட்டர் சொல்லும் செய்தியும் ஒரே எண்ணால் கட்டப்பட்டுவிடுகின்றன. இதை முறையாகச் செய்கிறவர்களை எங்கள் குழுவில் பெயர் சொல்லிப் புகழ்வோம்.

இவ்வளவு எளிதானது ஏன் பரவவில்லை? பொறியாளர்களிடம் கேட்டால் யாரும் எதிர்ப்பதில்லை. அறிவிப்பை அனுப்புவது பொறியாளர்கள் அல்ல என்பதுதான் காரணம். அது வாடிக்கையாளர் உறவு மென்பொருளிலிருந்து போகிறது. அந்த மென்பொருளின் வார்ப்புருவை மாற்ற வேண்டுமானால் வேறொரு துறையின் ஒப்புதலும் ஒரு ஒப்பந்ததாரரும் ஒரு நிதியொதுக்கீடும் வேண்டும். அந்தச் செலவால் பயன் பெறுவது அனுப்புகிறவர் இல்லை, பெறுகிறவர். தமக்கு வரவில்லாத செலவை எந்த நிறுவனமும் தானாக முன்வந்து செய்யாது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே கேட்க வேண்டிய இடம் தொழில்நுட்பக் கூட்டம் அன்று, கொள்முதல் மேசை. கையெழுத்து விழுவதற்கு முந்தைய வாரத்தில் விற்பனைப் பிரிவு எதற்கும் தலையசைக்கும்; கையெழுத்தான பிறகு ஆதரவுப் பிரிவு ‘உங்கள் கோரிக்கையைப் பதிவுசெய்துகொண்டோம்’ என்று மட்டும் சொல்லும்.

எங்கள் நிறுவனத்தில் இப்போது இணைப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பக்கப் பின்னிணைப்பைச் சேர்க்கிறோம். சீனப் புத்தாண்டு, தேசிய தினம், ஆண்டிறுதி ஆகிய நாள்களில் எங்கள் இணைப்புகளில் வேலை வேண்டாம் என்ற பழைய பத்திக்குக் கீழே, அறிவிப்புகள் மெயின்ட்நோட் வடிவில் வர வேண்டும், எங்கள் சர்க்யூட் எண்ணே இணைப்பின் அடையாளமாக இருக்க வேண்டும், திருத்தங்கள் அதே யூஐடியில் வர வேண்டும் என்று மூன்று வரிகள். அதே வடிவில் எங்கள் வாடிக்கையாளர்களுக்கும் நாங்கள் அனுப்பத் தொடங்கிவிட்டோம். பிறரிடம் கேட்பதை நாமே செய்யாமல் இருந்தால் பேச்சுவார்த்தையில் முகம் கொடுக்க முடியாது. மூன்று வரிகளில் முதலாவதையும் மூன்றாவதையும் விற்பவர்கள் அதிகம் தயங்காமல் ஏற்கிறார்கள். இரண்டாவதுதான் இழுபறி: தம் உள் எண்ணுக்கும் எங்கள் எண்ணுக்குமான பொருத்தப் பட்டியலைப் பராமரிக்க அவர்களுக்கு ஆள் இல்லை. இந்தக் காலாண்டில் அந்தப் பட்டியலை நாங்களே தயாரித்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறோம்.